முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு: ‘ஆட்டோ’வில் விட்ட ஹெட்லைட்டும் ஒரு மழைநேர மோதலும்

நிகழ்வு

சூரியன் மறைய இன்னும் 40 நிமிடம் இருக்கிறது. கனத்த மழை. நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலை. சாம்பல் நிறக் கார் ஒன்று முன்னே தேங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தே மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்கு இறங்கியிருக்கிறது. விளக்கைப் போடும் அதன் திருகு குமிழ் ‘ஆட்டோ’வில், அதாவது இருட்டினால் தானாக எரியும் நிலையில், இருக்கிறது. முன்பக்கம் பகல் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. பின்பக்கம் ஒரு விளக்கும் எரியவில்லை.

அதே திசையில் பின்னால் 90 கி.மீ. வேகத்தில் இரண்டாவது கார் வருகிறது. சில நிமிடங்களுக்கு முன் அதன் மீட்டர் திரையில், முன்பக்கக் கேமரா தற்காலிகமாகச் செயல்படவில்லை என்ற அறிவிப்பு வந்தது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்தி அதை நீக்கிவிட்டார். எதிர்ப்புறத்தில் மூன்றாவது வண்டி: பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கி நிறைய மூட்டை, ஆலசன் பல்புக்காகச் செய்த ஹெட்லைட் கூட்டில் கடையில் வாங்கிய எல்இடி பல்பு. லோ பீமில்தான் வருகிறது. ஆனாலும் கண் கூசுகிறது.

எதிர்வண்டி கடந்துபோன கணத்தில் இரண்டாவது காரின் ஓட்டுநர் சாம்பல் காரைப் பார்க்கிறார். இடைவெளி 40 மீட்டர். பிரேக்கை முழுதாக மிதிக்கிறார். மோதலைத் தவிர்க்க முடியவில்லை.

இது ஒரு தனி விபத்தின் பதிவு அல்ல. தனித்தனியே அற்பமாகத் தெரியும் மூன்று பிழைகள் ஒரே சாலையில் சந்தித்தால் என்ன ஆகும் என்று பார்க்க அமைத்த மாதிரி நிகழ்வு. தூரமும் வேகமும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கக்கூடியவை. மூன்று ஓட்டுநர்களில் யாரும் போதையில் இல்லை, யாரும் போனைப் பார்க்கவில்லை. மூவரும் தங்கள் விளக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பினார்கள்.

முதல் கார்: ஆட்டோ எதை அளக்கிறது

உள்முகக் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியில் ஒட்டிய கறுப்புப் பெட்டிக்குள் ஒளி சென்சார் இருக்கிறது. வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்தின் அளவை அது எடுக்கிறது. சுரங்கப்பாதையை முன்கூட்டியே அறிய, நேர் முன்னே பார்க்கும் இன்னொரு சென்சாரும் பல வண்டிகளில் உண்டு. கிடைத்த அளவு ஒரு வரம்புக்குக் கீழே போனால் ஹெட்லைட் எரியும். அந்தப் பெட்டிக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்று: இருட்டிவிட்டதா? ‘நான் மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறேனா’ என்பது வேறு கேள்வி. அதை எந்த சென்சாரும் கேட்பதில்லை.

வரம்பு எவ்வளவு என்பதற்கு ஐ.நா.வின் வாகன விளக்கு விதி எண் 48-இல் அட்டவணையே இருக்கிறது. வெளி வெளிச்சம் 1,000 லக்ஸுக்குக் (லக்ஸ், வெளிச்சத்தின் அலகு) கீழே இறங்கினால், 2 விநாடிக்குள் லோ பீம் எரிய வேண்டும். 7,000 லக்ஸுக்கு மேலே போனால், 5 விநாடிக்குப் பிறகு, 300 விநாடிக்குள் அணைய வேண்டும். இடைப்பட்ட 1,000 முதல் 7,000 வரை தயாரிப்பாளரின் விருப்பம். ஒரு கார் 2,500 லக்ஸில் விளக்கைப் போடலாம், இன்னொன்று 1,200 வரை காத்திருக்கலாம். இரண்டுமே விதிப்படி சரி.

வெயில் உச்சியில் ஒரு லட்சம் லக்ஸ் வரும். தெளிந்த வானில் சூரியன் மறையும் கணத்தில் சுமார் 400. நம் நிகழ்வின் மழை மாலையை 3,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால், அது அந்த நடுப்பட்டையில்தான் விழுகிறது. சாம்பல் காரின் சென்சார் பழுதாகவில்லை. தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பகல்நேர மூடுபனியில் நிலைமை இன்னும் விசித்திரம்: பனி வெளிச்சத்தைச் சிதறடித்து வெண்திரையாக நிற்பதால் சென்சாருக்கு நல்ல பகல். வெளிச்சம் 7,000 லக்ஸைத் தாண்டியிருந்தால், 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நேரத்திலும் ஆட்டோ விளக்கை அணைத்தே வைத்திருக்கும்.

பகலில் ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிவது வெளிச்சத்தின் அளவால் மட்டும் அல்ல, பின்னணிக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டால். 1924-இல் ஜெர்மன் வானிலை அறிஞர் கோஷ்மீடர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்: காற்றில் உள்ள துளிகள் இந்த வேறுபாட்டைத் தூரத்தோடு அடுக்கடுக்காகத் தின்றுவிடும், அது 2 சதவீதத்துக்குக் குறைந்தால் பொருள் பின்னணியில் கரைந்துவிடும். சாம்பல் கார், சாம்பல் வானம், சக்கரங்கள் கிளப்பும் சாம்பல் நீர்ப்புகை. கரைவதற்கு இதைவிடத் தோதான சூழல் இல்லை. தானே ஒளிவிடும் சிவப்பு விளக்கு அவ்வளவு எளிதில் கரைவதில்லை. அதன் வேறுபாடு பின்னணியைக் கடன் வாங்கி வருவதல்ல. ஆகவே 4 கேண்டெலா (விளக்கின் ஒளிவலிமைக்கான அலகு) மட்டுமே கட்டாயமான சாதாரண டெயில் லைட்கூட, இந்த மழையில் காரின் உடலைவிட முன்னதாகத் தெரிந்திருக்கக்கூடும்.

எரிந்துகொண்டிருந்த முன்விளக்கு, பகல் விளக்கு. டி.ஆர்.எல். என்று சொல்வது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி 7 முதல் புதிய மாடல் கார்களுக்கு இது கட்டாயம். 400 முதல் 1,200 கேண்டெலா வரை ஒளிவிடும், எதிரே வருபவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த விதியில் பின்விளக்கு சேர்த்தி இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே டெயில் லைட்டையும் கூடவே எரிய விடுகின்றன, பல விடுவதில்லை. சாலையை ஒளியூட்டும் வேலையும் பகல் விளக்குக்கு இல்லை. ஆனாலும் முன்னே போகும் வண்டியின் பளபளப்பில், ஈரச் சாலையில், அதன் பிரதிபலிப்பு ஓட்டுநருக்குத் தெரியும். ‘விளக்கு எரிகிறது’ என்ற முடிவுக்கு வர அது போதும்.

முன்பெல்லாம் மீட்டரே காட்டிக்கொடுத்துவிடும். ஹெட்லைட் போடாவிட்டால் டேஷ்போர்டு இருண்டு கிடக்கும், வேகமுள் தெரியாது, கை தானாகக் குமிழுக்குப் போகும். இப்போதைய திரை மீட்டர் எஞ்சினைப் போட்டதும் ஒளிர்ந்துவிடுகிறது. விளக்கு இருக்கிறதா இல்லையா என்று ஓட்டுநருக்குச் சொல்லிவந்த பழைய சாட்சி இப்படிக் காணாமல் போயிற்று. இந்தக் குறையை நேராகக் கையில் எடுத்த நாடு கனடா. 1989 டிசம்பர் முதல் தயாராகும் வண்டிகளுக்குப் அது பகல் விளக்கைக் கட்டாயமாக்கியிருந்தது. பின்பக்கம் இருண்ட கார்கள் பெருகியபின் விதியைத் திருத்தி, 2021 செப்டம்பர் முதல் புதிய வண்டிகளுக்கு மூன்றில் ஒன்று வேண்டும் என்றது: பகல் விளக்கோடு டெயில் லைட்டும் எரிய வேண்டும், அல்லது இருட்டில் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும், அல்லது விளக்கு போடும்வரை மீட்டர் இருண்டிருக்க வேண்டும். மூன்றாவது வழி பழைய காரின் குணம்தான். அதை விதி எழுதித் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

சாம்பல் கார் வேகம் குறைத்தது ஏன் பின்னால் தெரியவில்லை? பிரேக் மிதிக்கப்படவில்லை, பிரேக் லைட் எரியவில்லை. மின்கார், ஹைபிரிட் கார்களில் ஆக்சிலரேட்டரை விட்டாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்கும். அங்கே வேகக் குறைப்பு விநாடிக்கு விநாடி 1.3 மீட்டர் என்ற அளவைத் தாண்டினால்தான் பிரேக் லைட் எரிவது கட்டாயம். அதற்குக் கீழான மென்மையான குறைப்பு, பின்னால் வருபவருக்கு எந்தச் செய்தியும் தராமலே நடக்கலாம்.

எதிர்வண்டி: லோ பீமில் இருந்தும் கண்ணைக் கூசியது

எதிர்வண்டியின் ஓட்டுநரைக் கேட்டால், ‘டிம்மில்தானே வந்தேன்’ என்பார். உண்மை. பிரச்சினை வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, பாரம். லோ பீமுக்கு மேல்பக்கம் கத்தியால் வெட்டியது போல ஒரு விளிம்பு உண்டு. பெரும்பாலான கார்களில் அந்த விளிம்பு 1 சதவீதம் கீழ்நோக்கிச் சாயும்படி வைக்கிறார்கள், அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம். விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தால் விளிம்பு 65 மீட்டரில் தரையைத் தொடும். பின்பக்கத்தில் பாரம் ஏறி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 2.6 மீட்டர் இடைவெளி உள்ள காரின் பின்புறம் 4 செ.மீ. அமுங்கினால், மூக்கு 1.5 சதவீதம் நிமிரும். கீழே சாய்ந்த 1 சதவீதம் போய், மேலே அரை சதவீதத்துக்குச் சற்று அதிகம். இப்போது அந்த விளிம்பு எங்குமே தரையைத் தொடாது. 80 மீட்டர் தள்ளி அது 108 செ.மீ. உயரத்தில் இருக்கும். எதிரே வரும் காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் 110 முதல் 120 செ.மீ. உயரத்தில். ஆக, சுமார் 85 முதல் 100 மீட்டருக்கு அப்பால் எதிரே உள்ளவர் முழு ஒளிக்குள் இருக்கிறார், லோ பீமிலேயே.

இதற்கென்று டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் இருக்கிறது. வாங்கிய நாள் முதல் விற்ற நாள் வரை 0-விலேயே கிடக்கும் பொத்தான்களுக்குப் போட்டி வைத்தால் முதல் பரிசு இதற்குத்தான்.

இரண்டாவது, பல்பு. ஆலசன் பல்பில் ஒளி பிறப்பது ஒரு மெல்லிய கம்பிச் சுருளில். அதைச் சுற்றியுள்ள குழிக்கண்ணாடி, அந்தச் சுருள் இருக்கும் இடத்தை மில்லிமீட்டரின் பின்னத்தில் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. ஹெச்4 என்ற ஆலசன் வகையில் லோ பீம் சுருளுக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்றும் உண்டு. மேலே போகக்கூடாத ஒளியைத் தடுப்பது அதுதான். எல்இடி பல்பில் சுருள் இல்லை. ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் சில்லுகள் ஒட்டியிருக்கும், தகட்டின் தடிமன் அளவுக்கு ஒளி பிறக்கும் இடம் விலகும், பக்கங்களுக்கும் விளிம்புத் திசைக்கும் ஒளி சமமாகப் போகாது. விளைவு, வெட்டுவிளிம்பு மங்கிப்போய் ஒளி மேலே கசியும். ஓட்டுநருக்கோ தன் காருக்கு முன்னால் 15 மீட்டரில் சாலை வெள்ளையாக ஜொலிக்கும், மகிழ்ச்சி. பக்கத்துச் சாலை அதிகம் ஜொலித்தால் கண் அதற்கே பழகிக்கொண்டு தூரத்து இருளில் இன்னும் குறைவாகப் பார்க்கும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.  எல்இடியே கெட்டது என்பதல்ல. எல்இடிக்காகவே வடிவமைத்த ஹெட்லைட்டில் இந்தக் குறை கிடையாது. சில நாடுகளில் குறிப்பிட்ட கார் மாடலோடு சோதித்து அனுமதித்த மாற்றுப் பல்புகளும் உண்டு. சிக்கல், எந்தக் கூட்டுக்கும் பொருந்தும் என்று விற்கும் பல்பில்.

கூசும் ஒளி கண்ணுக்குள் என்ன செய்கிறது? விழித்திரையில் விழ வேண்டிய ஒளி கருவிழியின் முன்படலத்திலும் விழிவில்லையிலும் சிதறி, முழுப் பார்வைமீதும் வெள்ளைத் திரை போல் விழுகிறது. சாம்பல் கார் போன்ற மங்கிய உருவங்கள்தான் அதில் முதலில் மறையும். வயது கூடக் கூடச் சிதறலும் கூடும், மீளும் நேரமும் கூடும். மழைத்துளி படிந்த முன்கண்ணாடி இதைப் பெருக்கும். கண்ணாடியின் உள்பக்கத்தில் படியும் எண்ணெய்ப் பசை அதைவிட மோசம். வைப்பர் அதைத் தொடுவதில்லை.

இரண்டாவது கார்: 40 மீட்டரில் என்ன செய்ய முடியும்

90 கி.மீ. என்பது விநாடிக்கு 25 மீட்டர். முன்னே போகும் 30 கி.மீ. என்பது 8.3 மீட்டர். இடைவெளி விநாடிக்கு 16.7 மீட்டர் சுருங்குகிறது.

பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக 1.5 விநாடி. அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. மீதி 15. ஈரச் சாலையில் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று கொண்டால், வேக வித்தியாசம் முழுவதும் தீர 28 மீட்டர் வேண்டும். மொத்தத் தேவை 53 மீட்டர், கையில் 40. மோதும்போது எஞ்சியிருக்கும் வேக வித்தியாசம் விநாடிக்கு 11.3 மீட்டர், அதாவது மணிக்கு 41 கி.மீ. டெயில் லைட் எரிந்து 80 மீட்டரிலேயே தெரிந்திருந்தால் 27 மீட்டர் மிச்சம் வைத்து வேகம் சமமாகியிருக்கும். கண் கூசியதால் பார்த்து பிரேக் மிதிக்க 1.5-க்குப் பதில் இரண்டு விநாடி எடுத்தாலும் தேவை 61 மீட்டர்தான், அப்போதும் மோதல் இல்லை.

90 கி.மீ. வேகம் அந்த மழைக்கு அதிகம். அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்த வேகத்துக்கு ஓட்டுநரைத் துணியவைத்தது எது என்று பார்க்க வேண்டும். இந்தக் காரில் தானாகப் பிரேக் போடும் அமைப்பு கேமராவை மட்டும் நம்பியது. கனத்த மழையில் கேமராவின் பார்வை மறைந்தால் அமைப்பு தன்னைத்தானே விலக்கிக்கொண்டு திரையில் சொல்லும். அந்த அறிவிப்பின் அர்த்தம், ‘எனக்குத் தெரியவில்லை’. நடைமுறையில் அது வேகத்தைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கை. ஏனென்றால் கேமராவும் ஓட்டுநரும் ஒரே கண்ணாடி வழியாக ஒரே மழையைத்தான் பார்க்கிறார்கள். ஓட்டுநர்கள் அதைப் பேட்டரி குறைந்த செய்தி போல எடுத்துக்கொண்டு நீக்கிவிடுகிறார்கள். நீக்கிய பிறகு திரை பழையபடி இருக்கும், ஒரு மூலையில் சிறு மஞ்சள் குறி மட்டும் நிற்கும்.

ரேடார் உள்ள கார்களுக்கு மழையும் இருளும் இவ்வளவு தொல்லை தராது. ஆனால் அங்கும், வேகமாகப் போகையில் சாலையில் அசையாமல் நிற்கும் பொருளைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று கையேடுகளே எச்சரிக்கின்றன. பாலமும் பலகையும் தெரியும்போதெல்லாம் பிரேக் பிடிக்காமலிருக்க, நிற்பவற்றை வடிகட்டும் ஏற்பாடு அதில் இருக்கிறது. இருளில் தானியங்கிப் பிரேக்கின் எல்லைக்கு ஒரு நல்ல அளவுகோல், அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனமான ஐ.ஐ.ஹெச்.எஸ். 2022-இல் வெளியிட்ட ஆய்வு: பாதசாரியைக் கண்டறியும் அமைப்பு உள்ள வண்டிகளில் பாதசாரிமீது மோதும் விபத்து 27 சதவீதம் குறைவு, ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டுச் சாலையில் வித்தியாசமே தெரியவில்லை.

மோதலுக்குப் பிறகு: எது எரிந்தது என்று கண்டுபிடிப்பது

முதல் காரின் ஓட்டுநர் விளக்கு எரிந்தது என்றே சொல்வார், நம்பியே சொல்வார். குமிழின் நிலையை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. உதவிக்கு வந்தவர்கள் திருப்பியிருக்கலாம். ஆட்டோவில் இருந்தாலும் அது எரிந்ததற்குச் சான்று அல்ல.

கம்பிச்சுருள் பல்பாக இருந்தால் பல்பே சொல்லும். எரியும்போது சுருள் வெந்து இளகியிருக்கும், மோதலின் அதிர்ச்சியில் இழுபட்டுக் கோணலாகும். அணைந்திருந்தால் குளிர்ந்த கம்பி இழுபடாமல் முறியும், அல்லது அப்படியே இருக்கும். எரியும்போது கண்ணாடி உடைந்தால் காற்றுப் பட்டு டங்ஸ்டன் ஆக்ஸைடு வெண்மஞ்சள் பொடியாகப் படியும், கண்ணாடித் துகள் உருகிச் சுருளில் ஒட்டியிருக்கும். எல்இடி டெயில் லைட் இப்படி எந்தத் தடயமும் வைப்பதில்லை. மோதல் பதிவுப் பெட்டி பொதுவாகக் கடைசி 5 விநாடியின் வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர் நிலையைத் தரும், விளக்கு நிலை அதில் இருக்கும் என்று நம்ப முடியாது. பின்னால் வந்த வண்டிகளின் டேஷ்கேம் பதிவுதான் இப்போது பெரும்பாலும் கைகொடுக்கும்.

இதே சாலை, இரண்டு மணி நேரம் கழித்து

முழு இருட்டில் ஆட்டோ விளக்கைப் போட்டிருக்கும். ஆனால் குமிழ் ‘0’-இல் இருந்தால்? கார் கழுவுமிடத்திலோ பட்டறையிலோ யாராவது திருப்பி வைத்திருந்தால், சில கார்கள் அடுத்த முறை எஞ்சின் போடும்போது தாமே ஆட்டோவுக்குத் திரும்பும், பல திரும்பாது. தெருவிளக்குள்ள நகரச் சாலையில் பகல் விளக்கும் ஒளிரும் மீட்டரும் சேர்ந்து ஓட்டுநரை இரவு முழுக்க ஏமாற்றிவிடும்.

இப்போது இரண்டாவது காரில், முன்னே வண்டி தெரிந்தால் தானே டிம் ஆகும் தானியங்கி ஹை பீம் போட்டிருக்கிறது என்று வையுங்கள். அதன் கேமரா தேடுவது எதிரே வரும் வெள்ளை ஒளியையும் முன்னே போகும் சிவப்பு ஒளியையும். சிவப்பே எரியாத கார் அதற்கு வண்டி அல்ல. டிம் ஆகாது. ஒரு காரின் தானியங்கி இன்னொரு காரின் தானியங்கியை ஏமாற்றும் இடம் இது. இந்த ஒரு நிலையில் மட்டும் அந்தப் பிழை நன்மை செய்யும்: ஹை பீம் விழுவதால் இருண்ட கார் கண்ணுக்குத் தெரியும், முன்னே போகிறவர் கண்ணாடியில் கூச்சத்தை வாங்கிக்கொண்டு திட்டுவார்.

மற்ற இடங்களில் நன்மை இல்லை. நடந்து போகிறவரிடம் விளக்கு இல்லை, சைக்கிளின் விளக்கு கேமராவுக்குப் போதாமல் போகலாம். மேட்டின் உச்சியிலும் வளைவிலும் எதிர்வண்டியின் விளக்கு தெரிந்த பிறகுதான் டிம் ஆகும், அதற்குள் எதிரே உள்ளவர் கண்ணில் ஒளி பாய்ந்திருக்கும். நடுத்தடுப்புச் சுவர் உள்ள சாலையில் லாரியின் ஹெட்லைட் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும், ஓட்டுநரின் கண் சுவருக்கு மேலே இருக்கும். கேமரா எதையும் பார்க்காது, லாரிக்காரர் எல்லாவற்றையும் வாங்குவார். எதிர்வண்டி இருக்கும் பகுதியை மட்டும் இருட்டாக்கிவிட்டு மீதியில் ஹை பீமை விடும் நவீன ஹெட்லைட், அமெரிக்கா 2022 பிப்ரவரியில் அனுமதித்தது, வெகு மேலானது. அதுவும் கேமரா பார்த்ததற்கு மட்டுமே வழிவிடும்.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள்

மழையில் தெரியவில்லை என்று தோன்றியதும் பலர் செய்வது நான்கு சிக்னலையும் சேர்த்து மினுக்குவது. ஓடும் வண்டியில் ஹசார்டு போட்டால், பல கார்களில் திரும்பும் சிக்னல் வேலை செய்யாது. பின்னால் வருபவருக்கு நிற்கும் வண்டியா ஓடும் வண்டியா என்று புரியாது.

பார்க்கிங் லைட்டோடு ஓட்டுவது இன்னொரு பழக்கம். டெயில் லைட் எரிவதால் பின்பக்கம் சரி, ஆனால் பல கார்களில் பகல் விளக்கு அணைந்தோ மங்கியோ போகும். முன்பக்கம் இருந்ததைவிடக் குறைந்துவிட்டது.

பின் ஃபாக் லைட் நல்ல கருவி. டெயில் லைட்டுக்குக் குறைந்தபட்சம் 4 கேண்டெலா என்றால் இதற்கு 150. அடர்ந்த பனியில், பார்வை சுமார் 100 மீட்டருக்குள் சுருங்கும்போது அது உயிர் காக்கும். பிரேக் லைட்டுக்கு விதிக்கும் குறைந்தபட்சம் 60 மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். பார்வை தெளிந்த பிறகும் ஃபாக் லைட்டை அணைக்காமல் போனால், பின்னால் வருபவருக்குப் பிரேக் மிதித்தது தெரியாது. இரண்டுக்கும் நடுவே 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டும் என்று விதி சொல்வது இந்தக் குழப்பத்துக்காகத்தான். பனியில் ஹை பீம் போடுவதோ, தன் கண்ணுக்கே தான் சுவர் எழுப்புவது: ஒளி துளிகளில் பட்டுத் திரும்பி வந்துவிடும்.

சரிசெய்வது

மீட்டரில் நான்கு குறிகளைப் பிரித்தறிந்தால் போதும். லோ பீம்: பச்சை, கோடுகள் கீழே சாயும். ஹை பீம்: நீலம், கோடுகள் நேராக. பார்க்கிங் லைட்: முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு சின்ன விளக்குகள், பச்சை. பின் ஃபாக்: மஞ்சள், நேர்கோடுகளை நெளிகோடு வெட்டும். லோ பீமுக்குப் பச்சைக் குறி காட்டும் காரில், மழையில் அந்தக் குறி இல்லையென்றால் பின்பக்கம் இருட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குறி காட்டாத காரில், குமிழையே லோ பீமில் திருப்பி வைப்பது ஒன்றே உறுதி.

வைப்பர் தொடர்ந்து ஓடுகிறதென்றால், குமிழைக் கையால் லோ பீமுக்குத் திருப்புங்கள். சில கார்களில் வைப்பர் சிறிது நேரம் ஓடினால் ஹெட்லைட் தானாக எரியும் ஏற்பாடு இருக்கிறது, அமைப்புப் பட்டியலில் அதை அணைத்தும் வைக்கலாம். உங்கள் காரில் இருக்கிறதா என்பதை வாளித் தண்ணீரை முன்கண்ணாடியில் ஊற்றிக்கொண்டே ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பார்த்துவிடலாம். மூடுபனிக்குப் பெரும்பாலான கார்களில் எந்த ஏற்பாடும் இல்லை, கைதான்.

டேஷ்போர்டில் உள்ள பாரச் சக்கரத்துக்குப் பொதுவான அளவு: முன்னிருக்கையில் மட்டும் ஆள் என்றால் 0, எல்லா இருக்கையும் நிறைந்தால் 1, அதோடு டிக்கியும் நிறைந்தால் 2, ஓட்டுநர் மட்டும், டிக்கி முழுப் பாரம் என்றால் 3. காருக்குக் கார் மாறும், கையேட்டில் அட்டவணை இருக்கும். எண் கூடினால் ஒளி கீழே இறங்கும்.

ஹெட்லைட் ஒளி விழும் குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுவரும் சமதரையும் போதும். டயர் காற்றைச் சரிசெய்து, டிக்கியைக் காலிசெய்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, பாரச் சக்கரத்தை 0-இல் வையுங்கள். காரைச் சுவரை ஒட்டி நிறுத்தி இரு விளக்கின் மையத்தையும் சுவரில் குறியுங்கள். காரை நேர் பின்னால் 10 மீட்டர் எடுங்கள். குறித்த மையத்துக்கு 10 செ.மீ. கீழே ஒரு கிடைக்கோடு போடுங்கள். ஹெட்லைட் அருகே ஒட்டிய தகட்டில் 1.3% என்று இருந்தால் 13 செ.மீ. லோ பீமைப் போட்டு ஒரு விளக்கைத் துணியால் மூடி, அடுத்ததைப் பாருங்கள். வெட்டுவிளிம்பின் தட்டையான பகுதி கோட்டில் படிய வேண்டும், விளிம்பு சரிந்து மேலே ஏறும் முனை விளக்கு மையத்தின் நேர்கீழே வர வேண்டும். மூடிய துணியை உடனே எடுத்துவிடுங்கள், ஆலசன் விளக்கின் சூடு கூட்டைப் பாழாக்கும். விளிம்பே தெளிவாகத் தெரியவில்லை, மேலே மங்கலாகப் புகைகிறது என்றால் ஒளியின் உயரத்தை மாற்றும் திருகைத் திருப்பிப் பயனில்லை. பல்பையோ மஞ்சளேறிய கூட்டையோ பார்க்க வேண்டும்.

மோதிய கார்கள் பட்டறையிலிருந்து திரும்பும்போது

முன்கண்ணாடி மாற்றியிருந்தால் இரண்டு வேலை தனியாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். மழை சென்சார் கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, உள்ளேயே பட்டுத் திரும்புவதை அளக்கிறது. வெளியே துளி விழுந்தால் ஒளி கசிந்து அளவு குறையும். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள ஜெல் பட்டையைப் பழையதாகவே ஒட்டினால் காற்றுக் குமிழி தங்கி, வைப்பர் காய்ந்த கண்ணாடியில் ஓடும், மழையில் சும்மா இருக்கும். அதை நம்பி எரியும் ஹெட்லைட்டும் அப்படியே. கேமராவுக்கோ மறு அளவுத்திருத்தம் வேண்டும். சில வண்டிகளில் பலகை வைத்துப் பட்டறையில், சிலவற்றில் சாலையில் ஓட்டிச் செய்வது. பிழைக்குறி எரியவில்லை என்பது திருத்தம் நடந்ததற்குச் சான்று அல்ல.

முன்பம்பர் கழற்றி மாட்டியிருந்தால் ஹெட்லைட் குறி விலகியிருக்கலாம், சுவர்ச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பின்பம்பர் வேலை நடந்திருந்தால் டெயில், பிரேக், ஃபாக் மூன்றையும் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டும், இணைப்பான் ஒன்றை மறந்துவிடுவது சகஜம். சாவியை வாங்கியதும் விளக்குக் குமிழைப் பாருங்கள். பேட்டரி இறங்காமலிருக்க அதை 0-இல் வைத்திருக்கலாம்.